நிர்மலாவுக்கு மட்டும் ஒரு ஃபோல்டர்

காலை ஒன்பது நாற்பதுக்கு எங்கள் ஆபீஸுக்கு டீ வரும். ஆறு வருடமாக வருகிறது. குடிக்க வா என்று சமீபகாலம்வரை யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. குறையாகச் சொல்லவில்லை சார். என் மேஜை சர்வர் அறைக்குள் இருக்கிறது. அதற்குள் டீ கொண்டுவரக் கூடாது என்று எழுதி ஒட்டியவனே நான்தான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன் ஃபோல்டர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்களுடையது ஓசூரில் சின்ன கம்பெனி. வண்டிகளுக்குத் தகடுப் பாகங்கள் அடித்துக் கொடுக்கிறோம். ஏழு பிரஸ், இருபத்திரண்டு கம்ப்யூட்டர், ஒரு சர்வர், ஒரு பரமசிவம். நான் வந்தபோது எல்லோருக்கும் எல்லா ஃபோல்டரிலும் முழு உரிமை இருந்தது. யாரும் எதையும் திறக்கலாம், அழிக்கலாம். அழிக்க நினைக்காதவர்களும் அழித்தார்கள்.

போன வருடம் ஒரு கஸ்டமர் ஆடிட் நடந்தது. அன்று காலை குவாலிட்டி ஃபோல்டரைக் காணவில்லை. வந்தவர்கள் கான்ஃபரன்ஸ் ஹாலில் பிஸ்கட்டைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். நான் ஒன்றரை மணி நேரம் தேடினேன். மேனேஜர் என் பின்னால் நின்று, "இங்க என்னதான் பண்றீங்க பரமசிவம்?" என்று நான்கு முறை கேட்டார். கடைசியில் கண்டுபிடித்தது நிர்மலா. ராயக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் பெண். குவாலிட்டியில் இன்ஸ்பெக்டர். ஸ்டோர்ஸ் அனிதாவின் மவுஸ் இழுத்த இழுப்பில் அந்த ஃபோல்டர் ஸ்டோர்ஸ் ஃபோல்டருக்குள் விழுந்திருந்தது.

"ணா, இங்க இருக்குது பாருங்க. அனிதாக்கா வீட்டுக்கு விருந்துக்குப் போயிருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அவள்மேல் கோபம் கிடையாது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரமே பெர்மிஷன் போட்டேன். ஸ்டோர்ஸ் ஃபோல்டரில் ஸ்டோர்ஸ்காரர்கள் மட்டும் எழுதலாம். மற்றவர்கள் பார்க்கலாம், கை வைக்க முடியாது. ஒவ்வொரு பெயராக டிக் போட்டேன். வேலை முடிந்ததும் வேறு ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அனிதாவின் பாஸ்வேர்டில் நுழைந்து, குவாலிட்டி ஃபோல்டரை இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. அந்த வருடத்தில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த நேரம் அதுதான்.

ஒரே ஒரு ஃபைல் மட்டும் தொந்தரவு கொடுத்தது. மெஷின் பழுது ஃபைல். ஆடிட்டுக்குப் பிறகு வாயால் சொல்லும் பழுதை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. நிர்மலா ரவுண்ட் போய்ப் பார்த்ததை அந்த ஃபைலில் எழுத வேண்டும். மெயின்டனன்ஸ் அசோக்குமார் அதைப் பார்த்துச் சரிசெய்துவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் 'முடிந்தது' என்று போட வேண்டும். ஃபைலில் இல்லையென்றால் பழுதே இல்லை. அசோக்குமார் அந்த ஃபைலைக் காலையில் திறந்தால் சாயங்காலம்தான் மூடுவார். ஒருவர் திறந்து வைத்திருந்தால் இன்னொருவர் எழுத முடியாது. நிர்மலா ஒரு நாளைக்கு எட்டு முறை போன் செய்வாள்.

"ணா, மறுபடியும் ரீட் ஒன்லிங்குது."

நான் போய் அசோக்குமாரை மூடச் சொல்வேன். "மூடிட்டேன் பரமு, மூடிட்டேன்" என்பார். மூடியிருக்க மாட்டார்.

அதனால் நிர்மலாவுக்குத் தனியாக ஒரு ஃபோல்டர் போட்டேன். அதே பெயர், உள்ளே அதே ஃபைலின் நகல். பெர்மிஷன் இரண்டு பேருக்கு மட்டும்: அவளுக்கும் எனக்கும். அவள் கம்ப்யூட்டரில் இருந்த ஷார்ட்கட்டை அதற்குத் திருப்பிவிட்டேன். அவளிடம், "சரி பண்ணிட்டேம்மா" என்று மட்டும் சொன்னேன். தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு அவள் எழுதிய வரிகளை அசல் ஃபைலில் ஒட்டுவேன். அசோக்குமாரின் 'முடிந்தது'களை அவள் ஃபைலில் ஒட்டுவேன். ஐந்து நிமிட வேலை. போன் நின்றுவிட்டது. இரண்டு பேருக்கும் திருப்தி.

ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். மூன்று நாள் லீவு. ஒட்ட ஆள் இல்லை. நான்காம் நாள் வந்தபோது இரண்டு பேரும் என் அறை வாசலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, எழுதுனா ஃபைல்ல இருக்கணுமா இல்லியா? என் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?"

"எழுதலன்னு யாரு சொன்னா? என் கம்ப்யூட்டருல இருக்குது. உங்களுக்கு வேலை செய்ய வலிக்குது, அதுக்கு என்னைய பொய்க்காரி ஆக்குறீங்களா?"

"நீயே கேளு பரமு."

"நீங்களே சொல்லுங்கணா."

ஃபோல்டர் இரண்டு என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "சர்வர் ஸ்லோ. இப்ப வந்துரும்" என்றேன். உள்ளே போய் ஒட்டினேன். திரும்பி வந்து, "பாருங்க" என்றேன். வந்திருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து அசடு வழிந்தார்கள். அசோக்குமார் என் தோளில் கை போட்டார். "வா பரமு, டீ ஆறுது."

அன்று ஒன்பது நாற்பதுக்கு நான் டீ குடித்தேன். டீ நன்றாக இல்லை. ஆனாலும் குடித்தேன்.

ஒட்டும்போது ஒரு வரியை விட்டிருந்தேன். நான்காம் நம்பர் பிரஸ். கை உள்ளே இருந்தால் பிரஸ்ஸை நிறுத்த வேண்டிய சென்சார், சில சமயம் நிறுத்துவதில்லை என்று எழுதியிருந்தாள். முதல் முறை கவனக்குறைவு. அப்படித்தான் நினைக்கிறேன். அடுத்த வாரம் அவர்கள் மறுபடி வந்தார்கள், அந்த ஒரு வரிக்காக. மறுபடி சண்டை, மறுபடி சர்வர் ஸ்லோ, மறுபடி டீ. இந்த முறை வேறு இரண்டு வரிகளை ஒட்டிவிட்டு, மிச்சமும் வந்துரும் என்றேன். நான்காம் நம்பரை ஒட்டவில்லை. எல்லாம் வந்துவிட்டால் அவர்கள் ஏன் வரப் போகிறார்கள்?

நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள். அந்த ஐந்து வாரம் ஆபீஸ் எவ்வளவு கலகலப்பாக இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. நிர்மலா என்னிடம் அசோக்குமாரைப் பற்றிச் சொல்வாள். அசோக்குமார் நிர்மலாவைப் பற்றிச் சொல்வார். அனிதா முறுக்கு கொண்டுவந்தாள். "அண்ணன் இல்லன்னா இந்த ரெண்டு பேரும் மண்டைய ஒடச்சிக்குவாங்க" என்றாள். உண்மைதான்.

நான்காம் நம்பரை ஓட்டியவர் கரியப்பன். பேரிகைக்காரர், ஐம்பது வயது. பரம்பரையில் முதல்முறையாக மண்வெட்டியை விட்டுவிட்டு மெஷினுக்கு வந்தவர். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "சார், உங்க கம்ப்யூட்டருல நம்ம ஊருக்கு மழை எப்பன்னு போட்டிருக்குதுங்களா?" என்பார். சென்சார் விஷயத்தை அவர்தான் முதலில் நிர்மலாவிடம் சொன்னவர். அசோக்குமாரிடமும் போய்ச் சொன்னார். "மேடத்த எழுதச் சொல்லுய்யா" என்றார் அசோக்குமார். கரியப்பன் திரும்பி வந்து அவளிடம் கேட்டதை நான் கேட்டேன். பிரிண்டருக்கு டோனர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

"எழுதியாச்சிங்களா மேடம்?"

"எழுதியாச்சுணா. மேல மேல எழுதிட்டுதான் இருக்கேன். பாத்து ஓட்டுங்க."

"எழுதிட்டீங்கன்னா செரிங்க. இனி அவுங்க பாத்துக்குவாங்க."

அவருக்கு எழுத்தின் மேல் அவ்வளவு மரியாதை. எழுதியது தன்னால் நடந்துவிடும் என்று மெஷினுக்குத் திரும்பிப் போனார். அவள் மொத்தம் பத்தொன்பது முறை எழுதினாள். கடைசி நான்கு முறை சிவப்பு எழுத்தில். நிறத்தைப் பார்த்தேன். பத்தொன்பதையும் படித்தேன். படிக்காமல் விட்டேன் என்று சொல்ல மாட்டேன். படிப்பது என் உரிமை, பெர்மிஷன் இருந்தது.

பதினாறாம் தேதி பதினொன்று இருபதுக்குச் சத்தம் கேட்டது. பிரஸ் சத்தம் அல்ல. பிரஸ் சத்தம் நின்றதால்தான் அது கேட்டது. எல்லோரும் ஓடினார்கள். நிர்மலா செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். கரியப்பனின் வலது கை, மணிக்கட்டுக்கு மேலே. நான் ஓடவில்லை. கூட்டம் போட்டு ஆகப் போவது என்ன? சர்வர் அறைக்குப் போய் நிர்மலாவின் ஃபோல்டரை அழித்தேன். ஷார்ட்கட்டை அசல் ஃபைலுக்குத் திருப்பினேன். ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. நேர்த்தியான வேலை என்றுதான் சொல்வேன்.

சாயங்காலம் மேனேஜர் ஃபைலைத் திறந்தார். நான்காம் நம்பரைப் பற்றி ஒரு வரி இல்லை. நிர்மலாவைச் சஸ்பெண்ட் செய்தார்கள். அவள் எழுதாததால் ஒருவர் கையை இழந்தார் என்று கடிதத்தில் போட்டிருந்தது. அந்தக் கடிதத்தை பிரிண்ட் எடுக்க முடியவில்லை என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள். காகிதம் சிக்கியிருந்தது. எடுத்துவிட்டேன்.

இனி நீங்கள் கேட்டது. அழித்தவன் ஏன் பேக்கப் டிஸ்க்கை விட்டுவைத்தேன்? தினமும் காலை பதினொரு மணிக்கு சர்வரின் நகல் அந்த டிஸ்க்குக்குப் போகும். அன்றும் போயிருந்தது. பத்தொன்பது வரியும் அதில் இருக்கிறது, சிவப்பு எழுத்து உட்பட. எனக்கு அது தெரியும். பேக்கப்பில் யாரும் கை வைக்கக் கூடாது சார். நானே போட்ட விதி. ஸ்டேஷனிலிருந்து உங்கள் ஆள் வந்து டிஸ்க் கேட்டபோது தேதி எழுதி ஒட்டி, கவரில் போட்டு, கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். ஒரு மனிதன் நேர்மையாக வேலை பார்த்தான் என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

ஆக, ஆமாம். தனி ஃபோல்டர் போட்டது நான். வரியை ஒட்டாமல் விட்டது நான். கை போன பிறகு அழித்ததும் நான். அசோக்குமாருக்கு எதுவும் தெரியாது. எழுதிக்கொள்ளுங்கள். எங்கே கையெழுத்து போட வேண்டும் என்று சொல்லுங்கள்.

அவளிடம் நீங்கள் இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது. உள்ளே வரும்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இளைத்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நான் வந்துவிட்டதில் அவளுக்கு எவ்வளவு நிம்மதி என்று முகத்திலேயே தெரிந்தது. அந்த ஆபீஸில் என்னை நம்பியவள் அவள் ஒருத்திதான். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். பிறகு பழைய மாதிரியே கேட்டாள், போனில் கேட்பது போல.

"ணா, உங்களுக்குத்தான் தெரியும். நான் எழுதுனதெல்லாம் எங்கணா போச்சு?"