வெண்கலத்துல தூங்குறேனாம்!

…எங்க வாத்தியக் குழுவுக்கு வச்ச சிலையில, அந்தக் கோடியில இருக்குறது நானாம்! நல்லாப் பாரு தங்கச்சி. பிடில்காரிக்கு விரல் தனித்தனியா வார்த்திருக்கான். மத்தளக்காரி சுலாஸ்த்ரிக்குக் காதுல தோடுகூட இருக்கு. எனக்கு? வாயைப் பொளந்துக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, பெரிய சேகண்டி மேல சாஞ்சு தூங்குறேன்! வெண்கலத்துல! இனி எந்தக் காலத்துல முழிக்கிறது?

இரு இரு… டொங்ங்ங்ங்! பாத்தியா, அடியை விட்டேனா?

நீ தெருவுக்குப் புதுசு, உனக்குத் தெரியாது. எங்க பொம்பளைங்க கமெலான் மேளக் குழுவுல எல்லாருக்கும் கை ஓயாது. எனக்கு மட்டும் தாளச் சுத்து முடியிறப்ப ஒரே ஒரு அடி. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல சோறு வடிச்சுக் குழம்பே கூட்டிறலாம். கண்ணு லேசா சொக்காதா? ஜாவாவுல சேகண்டி அடிச்சு சொக்காதவ எவ இருக்கா, சொல்லு!

முன்வரிசையில தெம்பே வறுவலைத் தின்னுக்கிட்டு உக்காந்திருக்கானே, அவன்தான் குனாடி. வார்த்தவன். "கண்ணைத் திறந்து விடுடா"ன்னேன். "அக்கா, கண்டதைத்தான் மெழுகுல புடிச்சேன்"கிறான். மாதிரிக்கு உக்காந்தப்ப தூங்கிட்டேனாம். தூங்கினேன்தான்! அசையாம இருன்னு அவன்தானே சொன்னான்?

ஊருக்கு நல்ல வேடிக்கை. எவனோ சிலை முன்னாடி தினம் கறுப்புக் காப்பி வைக்கிறான். தூக்கம் வராத கிழடுங்க வந்து என் இமையைத் தடவிட்டுப் போகுதுங்க, தேஞ்சு பளபளன்னு மின்னுது. வியாழக்கிழமை சேகண்டிக்குப் பூ வைப்போம்ல, எங்க வீட்டுக்காரரு பைஜான் பூவைச் சேகண்டிக்கு வச்சிட்டு, தலகாணியை எடுத்துட்டுப் போயி எனக்கு வச்சாரு. கட்டின புருஷன்!

டொங்ங்ங்ங்! ம்… எங்க விட்டேன்? ஆங், பந்தயம். இன்னைக்கு மாவட்டத் தலைவர் முன்னாடி ஒரு அடிகூடத் தவறாம அடிச்சிட்டேன்னா, குனாடி நாளைக்கே உளியெடுத்து இமையைத் திறந்துடுவான். ஒண்ணு தவறினாலும் தலகாணியையும் வார்த்து ஒட்டிடுவானாம். வெண்கலத்துலயே! குழுவே சாட்சி.

அதான் உன்னைப் பக்கத்துல உக்கார வச்சேன். பேசிக்கிட்டே இருந்தா தூக்கம் அண்டாது பாரு. நீ வாயே திறக்க வேணாம், தலையை ஆட்டு போதும்.

மத்தளம் தளருது, கேக்குதா? கடைசிச் சுத்து. இன்னும் ஒரே அடி, என் கண்ணு திறந்திரும்! அந்த சுலாஸ்த்ரி மூஞ்சியைப் பாக்கணும் அப்போ. சொல்ல மறந்துட்டேனே… அவ சிலையில தோடு இருக்குல்ல? அது யாரோடது தெரியுமா? என்னுது! "இரவல் குடுக்கா"ன்னு வாங்கி மாட்டிக்கிட்டு உக்காந்தா மகராசி. இப்ப என் தோடு அவ காதுல முழிச்சுக்கிட்டிருக்கு, நான் இந்தப் பக்கம் குறட்டை விடுறேன்! நியாயமா இது? கேட்டா என்ன சொன்னா தெரியுமா? "தூங்குறவளுக்குத் தோடு எதுக்கு"ன்னா! நான் சும்மா விடுவேனா? அவ மாமியாரைக் கூப்பிட்டு…

ஏன் கையைக் கிள்ளுற? சொல்லி முடிச்சிர்றேன் இரு.

…என்ன, சத்தத்தையே காணோம்? எல்லாரும் ஏன் கையை அந்தரத்துல வச்சுக்கிட்டு என்னையே பாக்குறாங்க?

ஐயய்யோ. கடைசி அடி! அது விழாம பாட்டு முடியாதே! தலைவர் பாவம், கை தட்டவும் முடியல, எறக்கவும் முடியல. குனாடி தெம்பேயைக் கீழ வச்சிட்டான்…

ஏய், போயிராத! நான் பேசிக்கிட்டிருந்தேன்னு மட்டும் சொல்லிராத. கச்சேரி நடுவுல புறணி பேசுறவன்னு இன்னொரு சிலை வார்த்துருவான், சண்டாளன். அக்கா தூங்கிட்டாங்கன்னே சொல்லு. நகரு, சாஞ்சுக்கிறேன். கண்ணை மூடிட்டேன்.

அந்தச் சிலையைப் பாத்துச் சொல்லு… வாய் எவ்வளவு பொளந்திருக்கு?