பதினோராவது படியை அளந்தவருக்கு

கூரிய பென்சிலும் கூரிய பார்வையும் கொண்டவரே! கோடு கோணினால் பொறுத்து, பேச்சு கோணினால் பொறுக்காதவரே! இருபத்தெட்டு ஆண்டுகள் எங்கள் பவானிபூர்ப் பள்ளியில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொறியியல் வடிவமைப்பும் வரைகலையும் கற்பித்து, இன்று பணி நிறைவு பெறும் நீலாவதி மிஸ் அவர்களே! அக்கா என்ற உரிமையோடு எங்கள் வங்காளத் தோழிகள் அழைக்கும் நீலாதி அவர்களே! வணக்கம்.

போன வாரம் ஆசிரியர் அறையில் நீங்கள் சொன்னீர்கள்: "எதிர்ல உக்கார வச்சுப் புகழ்ந்தீங்கன்னா, எந்திரிச்சு மெட்ரோ பிடிச்சு வீட்டுக்குப் போயிடுவேன்." அதனால் உங்களோடு பணியாற்றும் ஆசிரியர்கள் நாங்கள் வாசிக்கும் இந்த மடல் உங்களைப் புகழப் போவதில்லை. ஒருவருக்கு இந்தப் பள்ளியில் நடந்ததைச் சொல்லப் போகிறது. அந்த ஒருவரை 'அவர்' என்றே சொல்கிறோம். யாரென்று தெரிந்தாலும் தெரியாததுபோல் உட்கார்ந்திருங்கள். முன்வரிசையில் இருக்கும் நிர்வாகச் செயலாளர் திரு. வீரராகவன் அவர்களும் முடியும்வரை உட்கார்ந்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

அவர் கற்பிக்க வருவதற்கு முன் ஆறு ஆண்டுகள் கார்டன் ரீச்சில் ஒரு பட்டறையின் வரைபட அறையில் வேலை பார்த்தவர். அங்கிருந்து ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு ஷீட்டின் வலது கீழ் மூலையிலும் ஒரு கட்டம். அதில் வரைந்தவர் பெயர், கீழே சரிபார்த்தவர் பெயர். சரிபார்ப்பவர் தானே டேப் பிடித்து மறுபடி அளந்திருக்க வேண்டும். "வரைஞ்சவ தப்புப் பண்ணா ரெண்டு மார்க் குறைப்பேன். அளக்காமலே அளந்தேன்னு கையெழுத்துப் போட்டவளுக்கு முட்டை" என்பார். முட்டை வாங்கியவர்கள் இன்று ஊர் ஊராக எஞ்சினியர்களாக இருக்கிறார்கள். இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சென்ற ஜூலையில் பதினொன்றாம் வகுப்புக்கு அவர் கொடுத்த வேலை இது: பள்ளிக்குள் யாருக்காவது தொல்லை தரும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அளந்து, வரைந்து, எப்படித் திருத்தலாம் என்று சொல்ல வேண்டும். பலர் தண்ணீர்க் குழாயையும் பெஞ்சையும் எடுத்தார்கள். மேக்னா பின்பக்க மாடிப்படியை எடுத்தாள். ஆறாம் வகுப்புக்கும் மேல்தளக் கூடத்துக்கும் போகும் படி அது. அங்கே பிள்ளைகள் விழுவார்கள். வாரத்துக்கு ஒருவராவது. அதற்காகவே சுவரில் 'ஓடாதே' என்று பலகை மாட்டியிருந்தோம். விழுந்த பிள்ளையிடம் 'இனி ஓட மாட்டேன்' என்று நூறு முறை எழுதி வாங்கினோம். நாங்கள்தான் வாங்கினோம்.

மேக்னா சோம்பேறித்தனமாக ஒரு தப்புச் செய்தாள். முதல் படியின் உயரத்தை மட்டும் அளந்தாள். நூற்றறுபது மில்லிமீட்டர். மொத்தம் பதினெட்டுப் படி என்பதால் பதினெட்டால் பெருக்கி 2880 என்று எழுதிவிட்டாள். பிறகு மேலிருந்து டேப்பைத் தொங்கவிட்டு முழு உயரத்தையும் அளந்தபோது 2928 வந்தது. ஓடிவந்தாள்.

"மிஸ், மில்ச்சே நா!"

ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். அந்தப் பெண்ணுக்கு அவசரம் வந்தால் வங்காளம்தான் வரும்.

"எது மில்ச்சே நா?"

"நாப்பத்தெட்டு மில்லி ஜாஸ்தி, மிஸ். எங்க போச்சுன்னே தெரியல."

"போகல. வந்திருக்கு. வா, ஒவ்வொண்ணா அளப்போம்."

டேப்பின் ஒரு முனையை மேக்னா பிடித்தாள், மறுமுனையை அவர் பிடித்தார். பதினோராவது படி 184. பதினான்காவது படியும் 184. மற்றவை எல்லாம் 160. என்றோ கல் பதித்தபோது யாரோ கணக்கைத் தவறவிட்டிருக்கிறார்கள். பத்துப் படி ஏறிய கால், பதினோராவதும் அதே உயரம் என்று நம்பித் தூக்கும். இருபத்துநான்கு மில்லிமீட்டர் போதும், கட்டைவிரல் இடிக்க.

அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு அந்த 'ஓடாதே' பலகையையே பார்த்து நின்றார். அதைக் காட்டி அவரும் பிள்ளைகளை அதட்டியிருக்கிறார். அந்த நினைவுதான் முதலில் சுட்டது என்று பிற்பாடு சொன்னார். யாரும் ஓடவில்லை. ஏறினார்கள், அவ்வளவுதான்.

ஷீட்டை எடுத்துக்கொண்டு செயலாளரிடம் போனார். செயலாளர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"டிராயிங் ரொம்ப அழகா இருக்கும்மா. அடுத்த மாசம் இன்ஸ்பெக்‌ஷன். இந்த ரெண்டு நம்பரை மட்டும் மத்த மாதிரியே போட்டுடச் சொல்லுங்க. ஃபைல்ல வச்சுடலாம்."

"படி அப்படி இல்லையே, சார்."

"பேப்பர்ல தானேம்மா."

"பேப்பர்ல பிள்ளைங்க ஏறலை, சார்."

செயலாளர் கண்ணாடியை இறக்கி, மூலையிலிருந்த கட்டத்தைக் காட்டினார். "சரிபார்த்தவர்னு இருக்கு. காலியா இருக்கே? யாருமே செக் பண்ணாத ஷீட்டை வச்சுண்டு பள்ளிக்கூடத்தை இடிக்கச் சொல்றீங்களா?"

அவருடைய சொந்தப் பழக்கத்தையே எடுத்து அவர்மேல் எறிந்தார் செயலாளர்.

அவர் ஆசிரியர் அறைக்கு வந்தார். டேப்பை மேசைமேல் வைத்தார். "யாராவது ஒருத்தர் வந்து அளந்து பாத்துக் கையெழுத்துப் போடுங்க. பத்து நிமிஷ வேலை."

இந்த இடத்தை வேகமாகப் படித்துவிடத் தோன்றுகிறது. படிக்க மாட்டோம். நாங்கள் பத்தொன்பது பேர் அந்த அறையில் இருந்தோம். "நான் கெமிஸ்ட்ரி, மிஸ். படிக்கட்டு என் சிலபஸ்ல இல்ல" என்றார் ஆனந்த் சார். சிலர் சிரித்தோம். "நீலாதி, ரிட்டயர் ஆகிற வருஷத்துல எதுக்கு இதெல்லாம்?" என்றது ஒரு குரல். மற்றவர்களுக்குத் திருத்த வேண்டிய நோட்டுகள் திடீரென்று நிறைய இருந்தன. டேப் மூன்று நாள் அந்த மேசையில் கிடந்தது. எங்களில் யாரோ அதன்மேல் டீக் கோப்பையை வைத்தார்.

"நீங்களே போட்டுடுங்க மிஸ், யாருக்குத் தெரியும்?" என்றாள் மேக்னா.

"நீ அளந்தப்பவே இன்னொரு முனையைப் பிடிச்சவ நான். நானே செக் பண்ணேன்னு எழுதினா எனக்கு யாரு முட்டை போடுறது?"

கட்டம் காலியாகவே இருந்தது. மறுவாரம் நிர்வாகத்திடமிருந்து வேறொரு தாள் வந்தது. 'மாடிப்படி குறித்து எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை' என்று தட்டச்சு செய்த தாள். அதில் பத்தொன்பது கையெழுத்து விழுந்தது. ஒருவரும் படியை அளந்து பார்க்கவில்லை.

நவம்பரில், டாக்குரியாவிலிருந்து பஸ்ஸில் வரும் ஆறாம் வகுப்பு அனன்யா பதினோராவது படியில் இடறி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. அம்மா சரோஜாவை வரவழைத்து, 'என் மகள் ஓடினாள்' என்று எழுதித் தரும்படி கேட்டது நிர்வாகம். குழந்தையின் நடத்தை அட்டையில் சிவப்பு மையால் ஒரு வரி ஏறியது. யாரும் கூப்பிடாமலே அவர் உள்ளே போய், ஷீட்டை மேசைமேல் விரித்து, "இவ ஓடலை" என்றார். செயலாளர் மறுபடியும் விரலை அந்தக் காலிக் கட்டத்தின்மேல் வைத்தார். விரல் செயலாளருடையது. வெற்றிடம் எங்களுடையது.

கோபத்தோடு எழுதுகிறோம், மிஸ். படியைத் திருத்த ஒரு கொத்தனாரை அழைக்காமல், குழந்தையைத் திருத்தக் கிளம்பியவர்கள்மேல் கோபம். ஆசிரியர் தின விழாவில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, மறுநாள் உங்கள் வரைகலை அறைச் சாவியைக் கேட்டு வாங்கியவர்கள்மேல் கோபம். நான்கு மாதம் தாழ்வாரத்தில் டிராயிங் போர்டை மடியில் வைத்து உங்கள் பிள்ளைகள் வரைந்தார்கள். அவர்களைத் தாண்டித் தாண்டி நடந்து போன எங்கள் கால்கள்மேல் எல்லாவற்றையும்விட அதிகக் கோபம்.

இன்றைய விழா ஏன் மேல்தளக் கூடத்தில் இல்லாமல் முற்றத்து வெயிலில் நடக்கிறது என்று சிலர் கேட்டீர்கள். அந்தப் படி திருந்தும்வரை நாங்கள் பிள்ளைகளை அதில் ஏற்ற மாட்டோம். நாளை முதல் ஆறாம் வகுப்பு கீழே, ஆசிரியர் அறையில் நடக்கும். நாங்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொள்கிறோம்.

பாராட்டு மடலைச் சட்டம் போட்டுத் தருவது வழக்கம். இப்போது உங்கள் கையில் தரும் சட்டத்துக்குள் இந்த மடல் இல்லை. மேக்னாவின் ஷீட் இருக்கிறது. இன்று காலை, மணி அடிப்பதற்கு முன், நாங்கள் பத்தொன்பது பேரும் ஒவ்வொருவராகப் படி ஏறி அளந்தோம். ஆனந்த் சார் இரண்டு முறை அளந்தார். சரிபார்த்தவர் கட்டத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். கட்டம் சிறியது, பெயர்கள் கோட்டைத் தாண்டி ஓரம்வரை போய்விட்டன. அதற்கு மார்க் குறைத்துக்கொள்ளுங்கள். பழைய தாளில் போட்ட கையெழுத்துகளைத் திரும்பப் பெறுவதாக எழுதி, ஷீட்டின் நகலோடு, பள்ளி ஆய்வாளர் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டோம். ஒரு நகல் சரோஜா அவர்களிடம் இருக்கிறது. ஒரு நகல், செயலாளர் அவர்களே, உங்கள் நாற்காலிக்குக் கீழே உறையில் இருக்கிறது. அனன்யாவின் அட்டையிலிருந்து அந்தச் சிவப்பு வரியை எடுக்கும் நாள்வரை உங்களைத் தினமும் கேட்போம்.

எங்கள் நீலாவதி மிஸ்! நீங்கள் நெடுங்காலம் நலமாக இருக்க வேண்டும். முழங்கால் வலி இல்லாமல் நடக்க வேண்டும். இனி நீங்கள் ஏறும் எந்த மாடிப்படியிலும் ஒரு படிகூட மற்றதைவிட உயரமாக இருக்கக் கூடாது. இருந்தால் சொல்லி அனுப்புங்கள். டேப்பை எடுத்துக்கொண்டு வருகிறோம்.

பதினாறு படிகள் 160. இரண்டு படிகள் 184. மொத்தம் 2928.

மில்ச்சே, மிஸ்.

வரைந்தவர்: மேக்னா, பதினொன்றாம் வகுப்பு
சரிபார்த்தவர்கள்: ஆசிரியர்கள், பத்தொன்பது பேர்