பதினொரு மெதாக்காவும் ஒரு துடைப்புத் துணியும்

— சயோரிதான் கொன்னான்னு ஒத்தை வார்த்தை சொல்லுங்களேன், ஒரிஹாரா டீச்சர்! அறிவியல் அறைத் தொட்டியில பதினொரு மெதாக்கா மீனும் வயித்தைக் காட்டிக்கிட்டு மிதந்துச்சு. தீனி முறைப் பலகையில அவ பேருதானே தொங்குது?

— கத்தாதீங்க ஷிகெனோ அம்மா, பக்கத்து வகுப்புல பரீட்சை. பேரு தொங்கினா தீனி போட்டான்னு தெரியும். கொன்னான்னு எப்படித் தெரியும்?

— வடக்கே குளிர் பிரதேசம் ஹொக்கைதோலேர்ந்து அவ குடும்பம் வந்து மூணு மாசம் ஆகல, அவங்களுக்கு மீனைப் பத்தி என்ன தெரியும்? என் சலவைக் கடைக்கு வர்றவங்கள்ல பத்துக்கு ஒம்போது பேரு அவதான்னு சொல்றாங்க.

— அந்த ஒம்போது பேருக்கு யாரு சொன்னா?

— நான்தான். வேற யாரு சொல்வா?

— அந்தப் பொண்ணு மூணு நாளா வகுப்புக்கு வரல. வீட்டுல ஊரைவிட்டே போக மூட்டை கட்டறாங்க.

— அதுக்கு நான் என்ன பண்ண?

— அதான் பிள்ளைங்ககிட்ட தாள் கொடுத்தேன். மூணு கட்டம். நான் சொல்றது என்ன, நான் பார்த்தது என்ன, ரெண்டுக்கும் என்ன சம்பந்தம். மூணாவது காலியா இருந்தா அதுக்குப் பேரு வம்பு.

— என்னைத்தானே குத்தறீங்க?

— பொதுவாச் சொன்னேன். ஒரு பையன் எழுதினது, இதைக் கேளுங்க. நீச்சல் குளத்துக்குப் போடற சோதனை மருந்தைத் தொட்டித் தண்ணியில விட்டாங்க. ரோஸ் நிறமாச்சு. அப்படின்னா குளோரின், மீனுக்கு விஷம். குழாய்த் தண்ணியை ஒரு நாள் வெயில்ல வைக்காம, நேரா ஊத்தியிருக்காங்க.

— அதையும் அவளே ஊத்தியிருப்பா!

— வெள்ளிக்கிழமை கண்ணாடி முழுக்கப் பாசி. திங்கக்கிழமை பளபளங்குது. நடுவுல ஞாயித்துக்கிழமை, பெத்தவங்க துப்புரவு நாள். பிள்ளைங்க ஒருத்தரும் வரல.

— வந்தவங்கள்ல பாதிப் பேரு வாய்தான் பேசினாங்க. அறிவியல் அறை முழுக்க நான் ஒருத்திதான் தேய்ச்சேன். அந்தத் தொட்டி இருந்த கோலம், பார்க்கவே கூசிச்சு, அதான் நான்...

— சொல்லுங்க.

— அய்யய்யோ.

— தொட்டிக்குப் பின்னாடி ஒரு துடைப்புத் துணி கிடந்துச்சாம். அதுல உங்க கடைச் சலவைச் சீட்டு, நம்பர் முப்பத்தேழு. அதையும் எழுதியிருக்கான்.

— எந்தப் பய எழுதினது?

— உங்க பையன் தைச்சி.

— கொடுங்க... பாவி, ஒரு எழுத்துகூடக் கோணலையே! சரி, நான் சயோரி வீட்டுக்குக் கிளம்பறேன்.

— வழி தெரியுமா?

— எனக்கா? இந்த ஊர்ல எந்த வீட்டுச் சமையல்ல உப்பு கம்மின்னுகூடச் சொல்வேன். மூட்டையை அவிழ்க்க வைக்காம வரமாட்டேன்.

*

— ஷிகெனோ அக்கா, கடை வாசல்ல என்ன வாளி? கால்ல இடறுது!

— தட்டிவிட்டுடாதேடி! நேத்துப் பிடிச்ச தண்ணி, வெயில் காயுது. தைச்சி கல்யாணத்துக்கு மீன் தொட்டி கொடுக்கறேன்.

— பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி தைச்சிக்குப் பாடம் எடுத்த அந்த ஒரிஹாரா டீச்சருக்குச் சொல்லியாச்சா?

— தீவுப் பள்ளிக்கூடத்துக்கு மாத்தலாகிப் போய் வருஷம் எட்டாச்சு. முதல் படகுல வர்றாங்களாம்.

— கல்யாணப் பரிசா யாராவது மீன் கொடுப்பாங்களா?

— கல்யாணப் பொண்ணே வாயைத் திறந்து கேட்டா. ‘பதினொண்ணும் கணக்கா வரணும் அத்தை, கொன்னவங்கதானே திருப்பித் தரணும்’னு சிரிச்சுக்கிட்டே சொல்றா என் மருமக சயோரி.