மேலாளர் அறை வாசலில் ஒரு வரிசை

கூட்டத்தின் நாயகராய் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் மூத்த தோழர்களே! வேலையையும் பார்த்து, வீட்டையும் சுமந்து, இங்கும் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! படிக்கட்டில் நின்றே பழகியதால் நாற்காலி இருந்தும் நின்றுகொண்டிருக்கும் நடத்துநர் தம்பிகளே! நெஞ்சம் நிறைந்த வணக்கம்!

அரசுப் பேருந்து ஓட்டுகிறவருக்கு அலுப்பு வராதா? அவர் கண்ணுக்கு உறக்கம் வேண்டாமா? மாலைப் பணி முடித்துப் போனவரை, விடியுமுன்னே மறுபடியும் வண்டியேறச் சொன்னது நம் பணிமனை. "கண்ணு சொக்குது சார், பின்னாடி அத்தனை உசுரு உக்காந்திருக்கு" என்று மேலாளரிடம் தனியாகப் போய்க் கேட்டார், எப்போதும் சிரித்த முகமாய் இருப்பதால் நாம் சிரிப்பக்கா என்று அழைக்கும் நம் ஓட்டுநர். கிடைத்தது ஓய்வா? இல்லை, ஊர்க்கோடிப் பணிமனைக்கு மாற்றல்! அன்று அக்கா முகத்தில் சிரிப்பே இல்லை.

மறுநாள் சங்கமாகத் திரண்டு போனோம். மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க அரசு ஊழியருங்க. கூட்டமா வந்து பேரம் பேச இதென்ன சந்தையா? குறை இருந்தா ஒவ்வொருத்தரா வாங்க."

ஒவ்வொருவராகவா? ஆகட்டும் என்றோம்! பணி முடித்தவர்கள் எல்லாரும் வரிசை கட்டினோம். முதலில் போனார் மெக்கானிக் மாமா. "ரெண்டு ஷிப்டுக்கு நடுவுல முழு ஓய்வு வேணும். அக்காவோட மாற்றலை ரத்து பண்ணணும் சார்." அடுத்து நான். அதே சொல், அதே சுருதி! என் பின்னால் நடத்துநர்கள், அவர்கள் பின்னால் வண்டி கழுவும் பெண்கள். என்ன சிரிக்கிறீர்கள்? அந்த வரிசையில் நின்றவர்கள்தானே நீங்கள்! மேலாளரின் தேநீர் ஆறியது, சாப்பாடு ஆறியது; நம் வரிசையின் சூடு மட்டும் ஆறவில்லை!

கடைசியில் அவரே வெளியே வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"சாமிகளா! எல்லாரும் ஒண்ணா வந்து உக்காந்து பேசுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"அதைத்தானே சார் காலையில கேட்டோம்" என்றார் மாமா.

மேசை போட்டார்கள். எதிரெதிரே அமர்ந்தோம். கெஞ்சவும் இல்லை, மிஞ்சவும் இல்லை. ஓய்வு ஒப்பந்தமானது, மாற்றல் ரத்தானது, இனி எதுவானாலும் சங்கத்தோடு பேசியே முடிவு என்பது எழுத்தில் ஏறியது. கையெழுத்திட்ட மேலாளர் பெருமூச்சுவிட்டார்: "எனக்கு மேல இருக்கறவங்ககிட்ட நான் இன்னும் தனியாத்தான் கேட்டுட்டிருக்கேன்ப்பா!"

இதோ, தலைவர் மணியைத் தொடுகிறார். இன்னும் ஒரே நிறுத்தம்தான் தலைவரே!

தோழர்களே! குழாயில் நீர் வரச் செய்கிறவர், தெருவைத் துலக்குகிறவர், நோயாளிக்குக் காவலிருக்கும் செவிலியர் எல்லாரும் ஊருக்காக உழைக்கிறார்கள். அரசு ஊதியம் தருவதால் அவர்கள் வாய்க்குப் பூட்டா? நாம் கொடுப்பது உழைப்பை, குரலை அல்ல! ஓட்டுநரின் உறக்கத்தில்தான் பயணியின் உயிர் இருக்கிறது. ஆகவே கூடிக் கேட்போம்! கூடிப் பேசுவோம்! கூடியே வெல்வோம்!

கைதட்டிக் களைப்பைப் போக்கிய உங்களுக்கும், கடைசிவரை கரகரக்காமல் ஒலிபெருக்கியைக் காத்த அண்ணனுக்கும் நன்றி. எல்லாரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்!