அரைச் சாண் உயரம்

தர்மபுரியில் ஐந்து நாற்பதுக்குக் கிளம்பும் பஸ்ஸில் இடது பக்கம் மூன்றாவது ஜன்னல் சீட் எனக்குப் பிடித்தது. வெயில் முகத்தில் அடிக்காது. பென்னாகரம் தாண்டி எங்கள் ஊருக்குள்ளேயே வருகிற பஸ் அது ஒன்றுதான். அதை விட்டால் ஏழு மணிக்கு வேறொன்றில் ஏறி, பென்னாகரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் யார் மடியிலாவது உட்கார்ந்து போக வேண்டும். விசாரணைக் குழுவில் நீங்கள் எல்லோரும் காரில் வருகிறவர்கள் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் சவுரியப்பன். பதினோரு வருடமாகத் தர்மபுரி ஆஸ்பத்திரியில் கேத் லேப் டெக்னீஷியன். இருதய ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தால், மணிக்கட்டு வழியாக மெல்லிய கம்பி ஒன்றை விடுவோம். அதன் நுனியில் இருக்கும் சென்சார் அடைப்பைத் தாண்டிப் போய் அங்குள்ள ரத்த அழுத்தத்தைச் சொல்லும். அடைப்புக்கு முன்னால் உள்ள அழுத்தத்தைச் சொல்வது ஒரு சின்னப் பெட்டி. அது மேசைப் பக்கத்துக் கம்பத்தில், நோயாளியின் இருதயத்துக்கு நேராகக் கட்டப்பட்டிருக்கும். முதலாவதை இரண்டாவதால் வகுத்துத் திரையில் ஓர் எண் வரும். எண்பது சதவீதத்துக்கு மேல் என்றால் மாத்திரை போதும். கீழே என்றால் ஸ்டென்ட் வைக்க வேண்டும். ஸ்டென்ட் என்றால் இன்னும் ஒன்றரை மணி நேரம்.

பெட்டியை அரைச் சாண் மேலே தள்ளினால் அது காட்டும் அழுத்தம் குறைந்து, எழுபத்தாறு எண்பத்து மூன்றாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க நான் வெளிநாடு போய்ப் படிக்கவில்லை.

டாக்டர் மாதவராஜ் கெட்டிக்காரர். படத்தைப் பார்த்ததும், "இது பெரிய அடைப்பு மாதிரி இருக்கே" என்று ஆரம்பிப்பார். எண் வந்ததும் வாயை மூடிக்கொள்வார். மெஷின் சொன்னால் அவரிடம் அப்பீல் கிடையாது. அந்த மெஷினில் பாதி, நான் பிளாஸ்திரி சுற்றிய கம்பத்தில் தொங்குவது அவருக்கு ஞாபகமே வராது. கடைசியில் கம்பியைப் பின்னால் இழுத்து, இரண்டு அழுத்தமும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்ப்பார். அதற்குள் பெட்டியை இறக்கிவிட்டிருப்பேன். "பர்ஃபெக்ட் சவுரி" என்பார். பாராட்டு என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

எல்லோருக்கும் செய்தேன் என்று நர்ஸ் சுகுணா சொல்லியிருந்தால் அது அபாண்டம். காலையில் வந்த யாரையும் நான் தொட்டதில்லை. மாரடைப்போடு வந்தவர்களையும் தொட்டதில்லை. நான்கு மணிக்கு மேல் ஆரம்பிக்கும் கேஸ், அதுவும் எழுபத்தைந்துக்கும் எண்பதுக்கும் நடுவில் ஊசலாடுபவர்கள் மட்டும். காலை நேரத்து நோயாளிகளுக்கு என்னிடம் கிடைத்த நேர்மை இந்த மாவட்டத்தில் எங்கும் கிடைக்காது.

இனி மாதப்பன் விஷயம். அந்த ஐந்து நாற்பது பஸ்ஸின் டிரைவர் அவர். எனக்குக் கொஞ்சம் தாமதமானால் இரண்டு நிமிடம் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்பார். மேடு ஏறினால் நெஞ்சை அடைக்கிறது என்று போன ஆவணியில் எங்களிடம் வந்தார். அவர் கேஸ் நாலரைக்குத்தான் வந்தது. மேசையில் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்க இருக்கறீங்கன்னுதாங்க தைரியமா வந்தேன். இன்னிக்கு வண்டிக்கு ராஜாமணி போறானுங்க. அவன் யாருக்கும் நிக்க மாட்டான். நேரத்தோட கெளம்பிருங்க."

நல்ல மனிதர். அந்த நிலைமையிலும் என் சிரமத்தை நினைத்தார். அவர் ஓட்டியிருந்தால் எனக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கிடைத்திருக்கும். அவரோ மேசையில் இருந்தார். ஐந்து மணிக்கு எண் எழுபத்தாறில் நின்றது. நான் பெட்டியைத் தள்ளினேன்.

வெளியே அவர் மனைவி கண்ணம்மாள் முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றார். "ஸ்டென்ட் வேணாமுன்னுட்டாங்களா? நெசமாலுமா?"

"வேணாங்க. மாத்திரை போதும். வண்டி ஓட்டலாம்."

அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவில்லை. மணி ஐந்து இருபத்தைந்து. பொறுமையாகத்தான் விடுவித்துக்கொண்டேன். பஸ் கிடைத்தது, ஜன்னல் சீட்டும் கிடைத்தது.

பத்தொன்பது நாள் கழித்து, எங்கள் ஊருக்கு முந்தைய மேட்டில், மாதப்பன் வண்டியை மெதுவாக ஓரம் கட்டினார். ஹேண்ட் பிரேக்கைப் போட்டார். பிறகு ஸ்டீயரிங்மேல் சாய்ந்துவிட்டார். வண்டியில் நாற்பது பேர், ஒருவருக்கும் கீறல் இல்லை. "ஆஸ்பத்திரிக்காரரு இருக்காரு, வழி வுடுங்க" என்று என்னை முன்னால் தள்ளினார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் நெஞ்சை அழுத்தினேன். வியர்வையில் சட்டை நனைந்துவிட்டது. பலனில்லை. எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. வீடு போய்ச் சேர எட்டே கால் ஆனது.

சாவுக்குப் போயிருந்தேன். "நீங்க ஒருத்தருதாங்க கடைசி வரைக்கும் பாத்தீங்க" என்று கண்ணம்மாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மறுத்துப் பேசினால் சாவு வீட்டில் நன்றாக இருக்காது என்று சும்மா இருந்துவிட்டேன்.

மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டீர்கள். மாதப்பனையும் சேர்த்து நாற்பத்தொன்று. மற்றவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் யாரும் நம்ம பஸ்ஸில் வருகிறவர்கள் இல்லை.

மாதப்பன் இறந்த பிறகாவது மனசாட்சி உறுத்தி நிறுத்தினாயா என்று உங்களில் ஒருவர் கொஞ்சம் காட்டமாகக் கேட்டார். நிறுத்தினேன், எழுதிக்கொள்ளுங்கள். புது டிரைவர் போடும்வரை ஒன்பது நாள் ஐந்து நாற்பது பஸ் ஓடவில்லை. அந்த ஒன்பது நாளும் பெட்டி இருதயத்துக்கு நேராகவே இருந்தது.