நாலு விரல் உயரம்

செலின்: கைப்பிடி இன்னும் கீழயா? என்னங்க, முழங்காலுக்கு மேல ஒரு சாண்தான் இருக்கு.

ஸ்டானிஸ்லாஸ்: நீ கதவ நகராம பிடி. தள்ளுகதவுன்னா இதான் தொல்லை, பேசறப்பவே ஓடுது.

செலின்: பழைய கைப்பிடி இருந்த ஓட்டை மேல இருக்கு பாருங்க. அதுலயே முடுக்கினா அஞ்சு நிமிஷத்துல...

ஸ்டானிஸ்லாஸ்: லூசாயிடுச்சு. ஸ்க்ரூ பிடிக்காது.

செலின்: தீக்குச்சி சொருகினா பிடிக்கும். முப்பது வருஷம் ரயில்வே ஒர்க்‌ஷாப்புல இருந்தவருக்கு நான் சொல்லணுமா?

ஸ்டானிஸ்லாஸ்: ரிடையர் ஆயித்தல்லா, ஆயிடுச்சுல்ல... மறந்துட்டேன்.

செலின்: ம்ம்...

ஸ்டானிஸ்லாஸ்: நின்னுகிட்டே தூங்கறியா?

செலின்: இந்தத் தூறல்ல, கதவோட கொசுவலை வழியா பாத்தா தோட்டமே தண்ணிக்கடியில இருக்கற மாதிரி இருக்கு. கண்ணு தானா சொருகுது... உண்மையச் சொல்லுங்க. காலைலயே தொட்டையன் கடைக்குப் போயி கைப்பிடி, கொக்கி எல்லாம் வாங்கிட்டு வந்திருக்கீங்க. யாரு கேட்டா?

ஸ்டானிஸ்லாஸ்: பழைய கைப்பிடி கையோட வந்துடுச்சே.

செலின்: வந்து ரெண்டு வருஷமாச்சு. அதுலருந்து சட்டத்தப் பிடிச்சுத்தானே தள்ளிகிட்டிருக்கோம்.

ஸ்டானிஸ்லாஸ்: ஒரு கனவு வருது, செலின்.

செலின்: கனவா?

ஸ்டானிஸ்லாஸ்: மத்தியானம் இந்த ஈஸி சேர்ல சாயறேன்ல, அப்பத்தான். வெயிலா மழையான்னு தெரியாத ஒரு வெளிச்சம். வெளியிலருந்து யாரோ இந்தக் கதவ நகர்த்தப் பாக்கறாங்க. வலையில ஒரு கை பதியுது... சின்னதா.

செலின்: எவ்ளோ சின்னதா?

ஸ்டானிஸ்லாஸ்: வெத்தலக் கொழுந்தளவு. கைப்பிடி எட்டல. நான் எந்திரிக்கப் பாக்கறேன், காலு வரல. கொஞ்ச நேரம் நிக்குது. அப்பறம் போயிடுது.

செலின்: மொகம்?

ஸ்டானிஸ்லாஸ்: வலை மறைக்குது... விடு, சும்னே, வெறும் கனவு. அந்த ஸ்க்ரூடிரைவரக் குடு. முதல்ல பழைய கொக்கியக் கழட்டணும். துரு பிடிச்சுக் கெடக்கு.

செலின்: பிடிக்காதா பின்ன? நம்ம பொண்ணு ஜூலி ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் பண்ணிகிட்டு வந்து தோட்டத்துல நின்னா. அவ கண்ணு முன்னாலயே இந்தக் கொக்கிய முடுக்கினீங்க. அஞ்சு வருஷம் ஆகுது. மாப்பிள்ளையோட மொகத்தக்கூட நீங்க பாக்கல.

ஸ்டானிஸ்லாஸ்: ஸ்க்ரூவயே பாத்துகிட்டிருந்தேன். நிமிந்தா கை நின்னுடும்னு பயம்.

செலின்: நின்னிருக்கலாம்ல...

ஸ்டானிஸ்லாஸ்: இருக்கலாம். இந்தா, வந்துடுச்சு. தூக்கிப் போடு. புதுசு ரெண்டு பக்கமும் தெறக்கும், வெளியிலருந்தும். கேட்டு வாங்கினேன்.

செலின்: ஹௌதா, அப்படியா? திருடன் வந்தா?

ஸ்டானிஸ்லாஸ்: காப்பி போட்டுக் குடு.

செலின்: ஆமா, சிரிங்க... என்னங்க, ஜூலிக்குப் பையன் இருக்கான்னு உங்களுக்கு யாரு சொன்னா?

ஸ்டானிஸ்லாஸ்: நான் எங்க பையன்னு சொன்னேன்?

செலின்: இவ்ளோ கீழ கைப்பிடி வேற யாருக்கு?

ஸ்டானிஸ்லாஸ்: ...போன தசரா எக்ஸிபிஷன்ல. நீ வளையல் கடையில நின்னுகிட்டிருந்தே. ஜூலி, அவ புருஷன், நடுவுல அவன். மொகத்த விடப் பெரிய அப்பளம் கையில. நான் தூணுக்குப் பின்னால போயிட்டேன்.

செலின்: கூப்பிடலயா!

ஸ்டானிஸ்லாஸ்: வாய் வரல. அவங்க ராட்டினத்த வேடிக்கை பாத்துகிட்டிருந்தாங்க. அவன் மட்டும் நேரா எங்கிட்ட வந்து, அப்பளத்துல ஒரு துண்டு ஒடச்சுக் குடுத்தான்.

செலின்: வாங்கினீங்களா?

ஸ்டானிஸ்லாஸ்: வாங்கினேன். அப்பறம் ஓடிட்டான். தலை என் பேண்ட் பாக்கெட் வரைக்கும் இருந்துச்சு. வீட்டுக்கு வந்ததும் இந்தச் சட்டத்துல பென்சில்ல ஒரு கோடு போட்டேன், அவன் கைக்கு எட்டற உயரம்.

செலின்: அய்யோ... கிறுக்கல்னு நான் ரெண்டு தடவ துடைக்கப் பாத்தேனே!

ஸ்டானிஸ்லாஸ்: தெரியும். நீ துடைச்சதும் மறுபடி போட்டேன்.

செலின்: ஒரு வருஷமா எங்கிட்ட சொல்லாம...

ஸ்டானிஸ்லாஸ்: என்னன்னு சொல்றது? வராதேன்னு சொன்னவனே நான்தானே. ...செலின், ஜூலிக்கு ஒரு லெட்டர் போடு. அப்பா சொன்னார்னு வேணாம். பின்வாசல் கதவ சரி பண்ணியாச்சுன்னு மட்டும் எழுது. ஸ்ரீரங்கப்பட்டணம்தானே, ஞாயித்துக்கிழமை பஸ்ஸப் பிடிச்சா...

செலின்: கண்ணத் துடைங்க.

ஸ்டானிஸ்லாஸ்: மரத்தூள். கதவ நல்லா அழுத்திப் பிடி, ஓட்டை போடப் போறேன்.

செலின்: இருங்க, இருங்க! போட்டுடாதீங்க. நாலு விரல் மேல வைங்க.

ஸ்டானிஸ்லாஸ்: ஏன்? கோடு இங்கதானே இருக்கு?

செலின்: அது போன வருஷத்து உயரம். போன புதன்கிழமைதான் அவங்க வீட்டுச் சுவத்துல நிக்க வெச்சு அளந்தேன்.