தெருமுனைத் தண்டவாளத்தை என் மகள் அடித்தது குறித்து

பெயரும் முகவரியும் மேலே கண்டபடி. வயது முப்பத்து நான்கு. மணல் மூட்டைக்குச் சாக்குத் தைக்கும் பட்டறையில் வேலை. கணவர் லாரி ஓட்டுநர். ஒரே மகள், ஒன்பது வயது, சிட்டு என்று கூப்பிடுவோம். அவள் பொய் எச்சரிக்கை கொடுத்ததாக எங்கள் தெருப் பேக்கரிக்காரர் செய்த புகாரின் பேரில், அவளைச் சிறுவர் இல்லத்துக்கு அனுப்பப் போவதாக அறிந்து, நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

எங்கள் தெருமுனை விளக்குக் கம்பத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது. குண்டு போட வரும் விமானத்தின் சத்தம் முதலில் யார் காதில் விழுகிறதோ அவர் அதை இரும்புக் கம்பியால் அடிக்க வேண்டும். முதலில் பதுங்குகுழிக்குள் இறங்கு, கேள்வி பிறகு என்பது தெருவின் கட்டுப்பாடு. பிள்ளைகளுக்குக் காது கூர்மை என்பதால் பெரும்பாலும் அவர்களே அடிப்பார்கள்.

என் கணவர் போருக்கு முன்பும் என்னை அடித்தவர்தான். பழியைப் போர்மேல் போட எனக்கு இஷ்டமில்லை. ஆனால் சாலைகளை மூடியதால் லாரி நின்ற பிறகு, வீட்டிலிருந்தவருக்கு வேறு வேலை இல்லாமல் போயிற்று. நான் கத்துவது தெரு முழுக்கக் கேட்கும். ஒரு கதவும் திறக்காது. "புருஷன் பொண்டாட்டி விவகாரம், நமக்கெதுக்கு வம்பு" என்று இதே பேக்கரிக்காரர் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

ஒருநாள் கணவர் என்னை அடித்துக்கொண்டிருக்கும்போதே விமானம் வந்தது. உடனே பெல்ட்டைக் கீழே போட்டுவிட்டு எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார். சிட்டுவை மடியில் வைத்துக்கொண்டு, என்னைத் தோளோடு சேர்த்துப் பிடித்து நடுங்கினார். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். எங்கள் வீட்டுக் கை குழிக்குள் மட்டும்தான் அணைத்தது. பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் அவள் பள்ளியில் பேசுவதை நிறுத்தினாள். படுக்கையை நனைத்தாள். காலையில் வானத்தைப் பார்த்து, "அம்மா, இன்னிக்கு பிளேன் வருமா?" என்பாள். பயந்து கேட்கவில்லை, ஆசையாகக் கேட்டாள்.

சென்ற செவ்வாய் மாலை, "ஊருக்கெல்லாம் தைக்கிற, என் சட்டை பட்டன் மட்டும் கண்ணுல படலையா?" என்று கணவர் தொடங்கினார். என் வலது கையை முறுக்கி, தலையைச் சுவரில் மோதினார். சிட்டு வெளியே ஓடினாள். அதன்பின் தண்டவாளம் ஒலித்தது. எனக்காக ஒருநாளும் திறக்காத கதவுகள் எல்லாம் திறந்தன. குழிப் படியில் சறுக்கிப் பேக்கரிக்காரரின் மனைவிக்குக் கால் உடைந்தது. அதற்கு மனதார வருந்துகிறேன். கணவர் என்னை விட்டுவிட்டுக் குழிக்கு ஓடினார். நான் தடுமாறிப் பின்னால் போனேன். கடைசியாக இறங்கிய சிட்டு, அவர் கையை எடுத்து என் தோளில் வைத்தாள்.

வீட்டிலிருந்து யாரையாவது கொண்டுபோக வேண்டுமானால் அது என் பிள்ளை அல்ல.

இதை வாசித்துக் காட்டியபோது, "பொய் எச்சரிக்கை" என்பதை அடிக்கச் சொன்னேன். விமானம் வரவில்லை என்று எழுதட்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆபத்து இல்லை என்று எழுதினால் ஒப்பமிட மாட்டேன் என்றேன். எழுதிய ஐயா என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தச் சொல்லை அடித்தார்.

மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னதல்ல. வலது கை வீங்கியிருப்பதால் இடது கையால் ஒப்பமிடுகிறேன்.